இரண்டு வருஷம் அங்கே, மூன்றாம் வருஷம் இங்கே

எனக்குக் கல்யாணம் பேசி வந்தபோது நான் பி.காம். இரண்டாம் ஆண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் எங்கள் ஊர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மாப்பிள்ளையும் எங்கள் பக்கத்துக்காரர்தான். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு திருப்பூருக்குப் போய், பனியன் கம்பெனியில் துணி மடிக்கிற வேலையில் தொடங்கி, பேக்கிங் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் ஆகியிருந்தார்.

பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா நகை பற்றியோ வீடு பற்றியோ எதுவும் கேட்கவில்லை. "பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருக்கு. அதுக்கு என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டார்.

எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை, "திருப்பூர்ல இல்லாத காலேஜா? மூணாவது வருஷத்துல கொண்டு சேத்துருதேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொரு பஸ்ஸில் ஏறிக்கொள்வது மாதிரிதான் அவர் அதை நினைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மே மாதம் கல்யாணம். ஜூன் மாதம் திருப்பூர். கம்பெனிக்குப் பக்கத்தில் வரிசையாக நாலைந்து வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள்; அதில் ஒன்றில் குடியேறினோம். முன்னால் இருந்த பெரிய வீடு சொந்தக்காரர்களுடையது. அவர்கள் குண்டடம் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நிட்டிங் மெஷின்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். அதற்கு மேலே கேட்கிற மாதிரி பேசிப் பழகியதால், வீட்டுக்கார அக்கா மெதுவாகப் பேசி நான் பார்த்ததே இல்லை.

நான் வந்த இரண்டாம் நாள் அவர் வாசலில் நின்று கேட்டார். "அம்மிணி, என்ன படிச்சிருக்கறே?"

"பி.காம். ரெண்டு வருஷம் முடிச்சிருக்கேங்கா."

"ரெண்டு வருசமா? மிச்சம் ஒரு வருசத்த ஆருக்கு உட்டுட்டு வந்தே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருப்பூரில் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நாளைக்கே போய்ச் சேருங்க. காலேசெல்லாம் தொறந்தாச்சில்ல" என்றார்.

மறுநாள் அவரும் நானும், அதாவது என் கணவரும் நானும், நகருக்குள் இருந்த ஒரு கல்லூரிக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் என் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"வேற யுனிவர்சிட்டியா? முதல் வருஷம் சேர்ந்துக்குங்க."

"அப்ப இவ படிச்ச ரெண்டு வருஷம்?" என்றார் என் கணவர்.

"அது அங்க படிச்சதுங்க."

வெளியே வந்து ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர அவர் சாப்பிடவில்லை. "அங்க ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னா இங்க மூணா? அதே வரவு செலவுதானே ரெண்டு எடத்துலயும்?" என்று பக்கத்து மேசைக்காரரிடமே கேட்டார். அந்த மனிதரும் யோசித்துப் பார்த்து, "நியாயந்தானுங்களே" என்றார். என் அப்பாவிடம் சபையில் சொன்ன வார்த்தை அவரை அரித்தது எனக்குத் தெரிந்தது. "முதல் வருஷத்துலயே சேந்துக்கிடுதேன், பரவாயில்ல" என்று சொல்லிப் பார்த்தேன். "மூணாவதுன்னு சொன்னா மூணாவதுதான்" என்று எழுந்துவிட்டார்.

அடுத்த கல்லூரி பல்லடம் போகிற பாதையில் இருந்தது. அன்றைக்கு அவருக்கு கன்டெய்னர் ஏற்ற வேண்டிய நாள், லீவு கிடைக்கவில்லை. "நா வாரேன் வா" என்று வீட்டுக்கார அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"இப்பிடி ஆரும் இங்க வந்ததில்லீங்க. ஆனா வரக்கூடாதுன்னும் எங்கியும் எழுதலீங்க."

முதல்வர் ஒரு அம்மா. எங்களை உட்காரச் சொல்லி விளக்கினார். பழைய கல்லூரியும் புதிய கல்லூரியும் சம்மதிக்க வேண்டும். நான் படித்த இரண்டு வருஷப் பாடத்திட்டத்தை அந்தக் கல்லூரியின் முத்திரையோடு வாங்கி வர வேண்டும். கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதையும் இங்குள்ள பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒத்துப்போகிற தாள்களை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். இங்கே இருந்து அங்கே இல்லாத தாள்களை நான் புதிதாக எழுத வேண்டும். அங்கே வகுப்புக்கு வந்த நாட்களை இங்கே சேர்த்துக்கொள்வார்கள்.

"எடம் இருக்குங்களா?" என்றார் அக்கா.

"மூணாவது வருஷத்துல ஒரு எடம் இருக்குதுங்க. ஒரு பொண்ணு கல்யாணமாகிப் போயிருச்சு."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்தப் புள்ள போன ஊர்லயும் ஒரு எடம் காலியாகியிருக்கோணுமே. அதையும் ஆராச்சும் விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார். முதல்வர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கல்யாணத்தால் காலியான இடத்தில் இன்னொரு கல்யாணத்தால் வந்த நான் உட்காரப் போகிறேன் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

நாங்கள் எழுந்து வெளியே வரும்போது அக்கா மட்டும் கண்காணிப்பாளரின் மேசையருகே தயங்கி நின்றார். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை. குரலும் தாழ்ந்திருந்தது.

"ஏனுங்க, இந்தப் பழைய காலத்துல பதினொண்ணாவது முடிச்சு பி.யு.சி. படிச்சவங்க இருப்பாங்கள்ல. அதுக்கெல்லாம் இப்ப மதிப்பு எதாவது இருக்குதுங்களா?"

"பாஸ் பண்ணியிருந்தாங்கன்னா ரெண்டும் சேர்ந்து இப்பத்த பிளஸ் டூவுக்குச் சமமுங்க. நேரா டிகிரி சேரலாம். தபால்லகூடப் படிக்கலாம். ஆருக்குங்க?"

"சும்மா கேட்டனுங்க" என்று அக்கா நடந்துவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இறங்கி, தெருமுனையில் நின்றுதான் சொன்னார், உடுமலையில் விடுதியில் தங்கி பி.யு.சி. படித்ததாகவும், ரிசல்ட் வந்த மாதமே கல்யாணம் ஆகிவிட்டதாகவும், பாஸ் ஆனது பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசியதே இல்லை என்றும்.

பாடத்திட்டம் வாங்க நான் தனியாக ஊருக்குப் போனேன். வணிகவியல் துறைத் தலைவியாக இருந்த சிஸ்டர் என்னைப் பார்த்ததும், "கல்யாணமான பிள்ளைக இனிப்போடதான் வரும். நீ என்னடான்னா சிலபஸ் கேட்டு வாற" என்றார். ஆனால் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ரப்பர் ஸ்டாம்பு கையெழுத்து வேண்டாமென்று சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் தன் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டார். "ஒரு பக்கம் விட்டுப்போனாலும் அங்க உன்னை நிக்க வச்சிருவாங்க" என்று மறுபடி சரிபார்த்தார்.

முத்திரை போட்டு வருவதற்குள் என் பழைய வகுப்புக்காரிகளுக்குச் செய்தி போய்விட்டது. மூன்றாம் ஆண்டு வகுப்பில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் இடத்தில் யாரையும் உட்காரவிடாமல் பையை வைத்திருந்தார்கள். "ஒரு பீரியட் மட்டும் இரு" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். சிஸ்டர் கண்டும் காணாதது போல் போய்விட்டார். அந்த ஒரு மணி நேரம், தாலியும் புதுப் புடவையுமாக, எனக்கு இனி சம்பந்தமில்லாத ஒரு வகுப்பில் உட்கார்ந்து அடக்கவிலைக் கணக்கு எழுதினேன். ஜன்னல் வழியாக உப்புக் காற்று வந்தது. கொஞ்சம் அழுகை வந்தது உண்மைதான். ஆனால் பஸ் ஏறும்போது அவர்கள் மொத்தப் பேரும் ஸ்டாப்பில் நின்று, "பாஸ் பண்ணாம இந்தப் பக்கம் வராத!" என்று கத்தியதில் அது போய்விட்டது.

திரும்பி வந்ததும் என் கணவர் காகிதங்களை வாங்கி, கம்பெனியில் டி-சர்ட் போடுகிற பாலிதீன் உறைகளில் வருஷவாரியாகப் பிரித்துப் போட்டு, மேலே ஸ்டிக்கர் ஒட்டினார். "எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்று தானே பாராட்டிக்கொண்டார்.

கோயம்புத்தூருக்கு இருவருமாகப் போனோம். ஒரு அறையில் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு ஜாதகத்தை வைத்துக்கொண்டு பொருத்தம் பார்ப்பது போலத்தான் இருந்தது. தமிழ் பொருந்தியது. ஆங்கிலம் பொருந்தியது. நிதிக் கணக்கியல் பொருந்தியது. இங்கே மூன்றாம் வருஷத்தில் வருகிற கம்பெனிச் சட்டத்தை நான் அங்கே இரண்டாம் வருஷத்திலேயே எழுதியிருந்தேன். அதனால் அது இங்கே வேண்டாம் என்றார்கள். இங்கே இரண்டாம் வருஷத்தில் இருக்கிற புள்ளியியலை எங்கள் கல்லூரியில் மூன்றாம் வருஷத்துக்கு வைத்திருந்தார்கள். அதனால் அது எழுத வேண்டும். கம்ப்யூட்டர் தாள் ஒன்று, செய்முறையோடு. அதுவும் எழுத வேண்டும்.

ஒரே ஒரு தாளில் இழுபறி வந்தது. எங்கள் பக்கத்தில் 'வணிக நிர்வாகம்' என்று பெயர், இங்கே 'மேலாண்மைக் கோட்பாடுகள்' என்று பெயர். பாதிதான் ஒத்துப்போகிறது என்றார் ஒருவர். முக்கால்வாசி ஒத்துப்போகிறது என்றார் இன்னொருவர். மூவரில் மூத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. ஒரு மேலாளருக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்யலாம்?"

புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். வேலையைப் பொறுத்தது, ஆட்களின் பழக்கத்தைப் பொறுத்தது என்று காரணங்களை அடுக்கினேன். பிறகு வாய் சும்மா இருக்காமல், "எங்க வீட்டுக்காரருக்குக் கீழ நிறையப் பேரு இருக்காங்க சார். ஆனா ஷிப்மென்ட் அன்னைக்கு அவரே உக்காந்து அட்டைப்பெட்டி ஒட்டுவாரு" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். மூத்தவர் அந்தத் தாளுக்கு நேரே டிக் அடித்தார். வெளியே வந்ததும் என் கணவர், "என்ன உள்ள ஒரே சிரிப்பு? என்ன கேட்டாங்க?" என்றார். "உங்களப் பத்தித்தான் கேட்டாங்க" என்றேன். திருப்பூர் வந்து சேருகிற வரைக்கும் அவர் அதை நம்பவில்லை.

ஆணை வந்து நான் சேரும்போது வகுப்பு தொடங்கிச் சில வாரம் ஆகியிருந்தது. கண்காணிப்பாளர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இனி லீவே போடக் கூடாதுங்க. காய்ச்சல்னாலும் இங்க வந்து படுத்துக்குங்க" என்று எச்சரித்தார். என் கணவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஊரில் கோயில் கொடை விழாவுக்குக் கூப்பிட்டு மாமியார் போன் செய்தபோது, "அட்டெண்டன்ஸ் போயிரும்மா" என்றார். யார் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் அதே பதில்தான். அட்டெண்டன்ஸ் என்பது ஏதோ வியாதி என்று நினைத்து, என் மாமியாரின் தங்கை எனக்காக நேர்ந்துகொண்டதாகப் பிறகு தெரிந்தது.

மூன்றாம் வருஷ வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்றார்கள். கம்பெனிச் சட்ட வகுப்பு நடக்கும்போது எனக்கு மட்டும் வேலை இல்லை. புள்ளியியலுக்கு இரண்டாம் வருஷ வகுப்பில் போய் உட்கார வேண்டும். அந்த வகுப்பு பெரும்பாலும் எனக்கு வேறு வகுப்பு இருக்கிற நேரத்தில் வந்தது. அதனால் பாதிப் பாடம் காதில் விழாமலே போனது. கணக்கியலில் நான் கெட்டிக்காரி. புள்ளியியல் அப்படி இல்லை. திட்டவிலக்கம் என்ற சொல்லைப் பார்த்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

என்னைக் காப்பாற்றியது அந்த இரண்டாம் வருஷ வகுப்பில் இருந்த ஒரு தாராபுரத்துப் பெண். ஒல்லியாக, எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். முதல் நாளே என்னிடம் வந்து, "நீங்க கம்பெனிச் சட்டம் முடிச்சாச்சாமே. நோட்ஸ் இருக்குதுங்களாக்கா?" என்றாள்.

"இருக்கு. உனக்கு அது அடுத்த வருஷந்தானே?"

"அடுத்த வருஷம் நீங்க இருக்கமாட்டீங்களே."

அவள் சாமர்த்தியம் எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் கம்பெனிச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவள் புள்ளியியல் சொல்லித்தர வேண்டும் என்று ஒப்பந்தம். மதிய இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் உட்காருவோம். நான் தப்பாகப் போட்டால், "அக்கா, கல்யாணத்துக்கு முந்தியாச்சும் கணக்கு வந்துச்சா?" என்பாள். நான் அடிக்கக் கை ஓங்குவேன். அவளுடைய அம்மா கொடுத்துவிட்ட கம்பு வடையை இரண்டு பேரும் தின்போம். படிப்புக்காக அந்தக் கல்லூரிக்குப் போனேன். இப்படி ஒரு தோழி கிடைப்பாள் என்று எதிர்பார்க்கவே இல்லை.

இதற்கிடையில் ஒரு நாள் மாலை வீட்டுக்கார அக்கா ஒரு பெரிய தபால் பார்சலோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே புத்தகங்கள். தொலைதூரக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து வாசலில் நின்று, "இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப் போறே?" என்றார்.

"பாஸ் பண்ணப் போறேன்" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் திரும்பி ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அக்காவுக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும். நிட்டிங் மெஷின் சத்தத்துக்கு மேலே பானிபட் போரும் வட்டமேசை மாநாடும் தெரு முழுக்கக் கேட்டன. ஷெட்டில் வேலை செய்த பீகார்க்காரர் ஒருவர் பெயர்களை மட்டும் அடையாளம் கண்டு, பாட்னாவுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஊர்களைக் கையால் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கும். முதல் வகுப்புக்குப் போய்விட்டு வந்து அக்கா சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

"எனக்குப் பக்கத்துல ஒரு பஸ் கண்டக்டர், அம்மிணி. முன்னாடி ஒரு நர்சம்மா. பின்னாடி பேரன் எடுத்த ஒரு ஏட்டய்யா. வாத்தியாருக்கு எங்க மவன் வயசுதான் இருக்கும். அவர் எங்கள அத்தன பேரையும் பாத்து 'ஸ்டூடண்ட்ஸ்'ங்கறார்!" அதைச் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

ஏப்ரலில் பரீட்சை அட்டவணை வந்தபோது எனக்குப் பகீர் என்றது. இரண்டாம் வருஷத்தாருக்குப் புள்ளியியல் காலையில். மூன்றாம் வருஷத்தாருக்குத் தணிக்கையியல் அதே நாள் மதியம். இரண்டையும் எழுதுகிற ஆள் கல்லூரியிலேயே நான் ஒருத்திதான். மாற்ற முடியாது என்று தெரியும். முதல்வர், "நடுவுல சாப்பிட்டுட்டு வாங்க, பதட்டப்படாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

காலையில் புள்ளியியல் எழுதி முடித்து வெளியே வந்தேன். எழுதியது சரியா தப்பா என்று தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே பார்த்தால் என் கணவர் கம்பெனி பனியனோடு நிற்கிறார், கையில் டிபன் கேரியர். பக்கத்தில் அக்கா. ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள். சாலையோரத்தில் நிழல் பார்த்து உட்கார வைத்தார்கள். தாராபுரத்துப் பெண் கேள்வித்தாளோடு ஓடி வந்தாள்.

"அக்கா, மூணாவது கணக்குக்கு விடை என்ன வந்துச்சு?" என்று ஆரம்பித்தாள்.

"சாமி, அவ சாப்புடட்டும். அத அப்பறம் கேளு" என்று அக்கா அவள் வாயில் ஒரு உருளைக்கிழங்கு வறுவலைத் திணித்தார்.

என் கணவர் தயிர்சாதத்தைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டு, ஒரு அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. மதியம் தணிக்கையியல் தாளை முதல் கேள்வியிலிருந்தே வரிசையாக எழுதினேன்.

ரிசல்ட்டை ஒரு பிரவுசிங் சென்டரில் பார்த்தோம். பக்கம் திறக்க ஒரு யுகம் ஆயிற்று. எல்லாத் தாளிலும் பாஸ். புள்ளியியலில் பாஸ் மார்க்கை ஒட்டித்தான் வந்திருந்தது. மொத்தத்தில் முதல் வகுப்பு. என் கணவர் அங்கேயே என் அப்பாவுக்குப் போன் போட்டார். "மாமா, முடிஞ்சிட்டு!" என்று மட்டும் சொன்னார். மறுமுனையில் அப்பா ஏதோ கேட்க, இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். போனில் தலையாட்டினால் தெரியாது என்று நான் சொன்ன பிறகுதான் வாயால் பேசினார்.

பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி வாடகைக்கு எடுத்தோம். விழா முடிந்து அக்காவையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனபோது, நான் படம் எடுத்து முடித்ததும் என் கணவர் மெதுவாக, "ஏட்டி, நானும் ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா?" என்றார். போட்டுக்கொண்டார். அவருக்கு முழங்கால் வரைதான் வந்தது. அடுத்து அக்கா வாங்கிப் போட்டுக்கொண்டார். தொப்பி கொண்டையில் நிற்கவில்லை. நான் பின்னால் குனிந்து பிடித்துக்கொண்டேன். "சிரிக்காதீங்கம்மா, படம் ஆடுது" என்று ஸ்டுடியோக்காரர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

அந்த வருஷமே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். தாராபுரத்துப் பெண் அடுத்த வருஷப் பரீட்சையில் கம்பெனிச் சட்டத்தில் என்னைவிட நல்ல மார்க் வாங்கிவிட்டு, அதைச் சொல்வதற்கென்றே வீடு தேடி வந்தாள். அக்காவுக்கு ஆங்கிலம் மட்டும் ஒரு தடவை காலை வாரிவிட்டது. அடுத்த தடவை பாஸ் செய்துவிட்டார். அவர் பி.ஏ. முடித்தபோது என் மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். அன்றைக்கு அக்காவின் வீட்டுக்காரர் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் தன் கையாலேயே ஜிலேபி கொடுத்தார். என் மகள் கையிலும் ஒன்று கொடுத்தார். அவள் அதைத் தின்னாமல் தலையில் தேய்த்துக்கொண்டாள்.